சிங்கப்பூர்ப் போன் பதினொண்டு

புரோசார்ட்
நவம்பர் 9, ஞாயிறு

கஜந்தினிக்கு,

"அன்புள்ள" எண்டு எழுதிப்போட்டு வெட்டினன். இப்ப பாத்தால் வெட்டினதுதான் பிழை மாதிரி இருக்கு. நீயே அதைச் சேர்த்து வாசி.

இந்தப் பெட்டிக்குள்ளை இருக்கிறது என்ர போன். மகள் சாருஜாவின்ர கலியாணத்துக்கு உடுப்பெடுக்கச் சிங்கப்பூருக்குப் போனபோது வாங்கின பதினொண்டிலை ஒண்டு. இரண்டரை வருசம் ஒரு குறையும் இல்லாமல் ஓடினது எண்டதை முதலிலை எழுதி வைக்கிறன்.

ஒக்டோபர் நடுப்பகுதியிலையிருந்து இதுக்கு என்னவோ பிடிச்சிட்டுது. வீட்டு இன்ரநெற்றிலை படம் ஓடுது. மகள் ஒட்டாவாவிலையிருந்து வாட்ஸப்பிலை எடுத்தால் முகம் தெரியுது. ஆனால் சாதாரணமா ஒரு நம்பரை அழுத்தினால் 'டுக்' எண்டு ஒரு சத்தம், அதோடை சரி. உன்ர பிறந்தநாளுக்கு மூண்டு தரம் எடுத்தனான். மூண்டு தரமும் டுக். வாட்ஸப்பிலை நீ என்னை அடைச்சு வைச்சிருக்கிறது எனக்குத் தெரியும். போனிலையும் அடைச்சுப்போட்டாய் எண்டு நினைச்சு விட்டிட்டன். வேறை ஆருக்கும் நான் எடுக்கிறது குறைவு. அதாலை போனிலை பிழை எண்டு விளங்கேல்லை.

போன செவ்வாய்க்கிழமைதான் விளங்கினது. மத்தியானம் உன்ர மச்சாள் நிலவறைக்கு அரிசி எடுக்க இறங்கினவ, படியிலை சறுக்கிப்போனா. நான் ஓடிப்போய்ப் பாக்க, இடது கை வேறை பக்கம் பாத்துக்கொண்டு கிடக்குது, ஆள் கதைக்கேல்லை. மேலை ஓடிவந்து 911 அழுத்தினன். டுக். அவவின்ர போனை எடுத்து அழுத்தினன். அதுவும் அதே சிங்கப்பூர்ப் போன்தானே. டுக். வெறுங்காலோடை ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு வியட்நாம்காரரின்ர கதவைத் தட்டினன். வாயிலை இங்கிலீசும் வரேல்லை, பிரெஞ்சும் வரேல்லை. "போன், போன்" எண்டு மட்டும் கத்தினனாம். அந்த மனுசன்தான் அம்புலன்சுக்கு எடுத்தார்.

இப்ப பயமில்லை. மணிக்கட்டு உடைஞ்சது, கட்டுப் போட்டிருக்கு. தலையிலை ஒண்டும் இல்லை எண்டு படம் எடுத்துப் பாத்துச் சொன்னவை. ஆள் கட்டிலிலை இருந்துகொண்டு எனக்குச் சமையல் படிப்பிக்கிறா.

போன் கொம்பனிக் கடைக்குக் கொண்டுபோனன். அங்கை நிண்ட பெட்டை, இது வெளிநாட்டுப் போன், புதிசு ஒண்டு எடுங்கோ எண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லிச்சுது. எனக்குப் புதிசு வேண்டாம். திருத்த ஏலுமோ எண்டு பார். ஏலாட்டில் திருப்பி அனுப்பு.

நீ அண்டைக்குக் கலியாண மண்டபத்திலை சொன்னது சரி எண்டு நான் இதிலை ஓரிடத்திலையும் எழுதேல்லை.

இரவிச்சந்திரன்


வில்லரே
நவம்பர் 14

அண்ணை,

என்ர "அன்புள்ள"வையும் நீங்களே சேர்த்து வாசியுங்கோ.

மச்சாள் விழுந்த விசயம் எனக்கு ஒரு போன் பெட்டிக்குள்ளையிருந்துதானோ தெரிய வேணும்? கடையிலை ஆள் நிக்க நிக்க வாசிச்சுப்போட்டுக் கதிரையிலை இருந்திட்டன். அவவுக்கு ஒரு தைலமும் இரண்டு சட்டையும் இதோடை வருது. சட்டை முன்னாலை பொத்தான் போடுறது, கட்டுக் கையோடை சுகமா மாட்டலாம்.

நான் உங்கட நம்பரை அடைக்கேல்லை. வாட்ஸப்பிலை அடைச்சது உண்மை. போனிலை இல்லை. தீபாவளியண்டு நானும் எடுத்தனான். மணி அடிக்காமல் நேரை ஒரு பிரெஞ்சுக் குரல் வந்து செய்தி விடச் சொல்லிச்சுது. சரி, அண்ணை என்னை வெட்டி விட்டிட்டார் எண்டு நினைச்சன். உங்களுக்கெண்டு சுட்டு வைச்ச பயித்தம் பணியாரத்தைப் பால், பாண் விக்கிற பக்கத்து டெப்பனர் கடைக்காரருக்குக் குடுத்தன்.

ஒரே கிழமையிலை நீங்களும் எடுத்திருக்கிறியள், நானும் எடுத்திருக்கிறன்.

போனிலை நடந்தது இதுதான். கதைக்கிறதுக்கு எண்டு முந்தி ஒரு பழைய பாதை இருந்தது, த்ரீஜி எண்டு. அதை மூடிப்போட்டாங்கள். இனி கதையும் இன்ரநெற் போற புதுப் பாதையாலைதான் போக வேணும். உங்கட போனுக்கு அப்பிடிக் கதைக்கத் தெரியும். ஆனால் சிங்கப்பூர்ப் பக்கத்துக் கொம்பனியளோடை மட்டும் கதை எண்டு செய்தவங்களே உள்ளுக்குப் பூட்டி விட்டிருக்கிறாங்கள். அதோடை ஒவ்வொரு நாட்டிலையும் சிக்னல் ஓடுற அலைவரிசை வேறை. இஞ்சை ஓடுறதிலை சிலது உங்கட போனிலை இருக்கு, நித்திரையாக் கிடக்குது. சிலது இல்லவே இல்லை. பூட்டைத் திறந்து, நித்திரையா இருக்கிறதை நான் எழுப்பலாம். இல்லாததைக் கொண்டுவர என்னாலை ஏலாது.

இதுக்குள்ளை கை வைச்சால் போன் அடியோடை செத்தும் போகலாம். அதாலை எந்த வாடிக்கையாளரிட்டையும் நான் கையெழுத்து வாங்குறனான். உங்களிட்டையும் வேணும். தாள் வைச்சிருக்கிறன்.

மற்ற விசயம் இதைவிடப் பெரிசு. பதினொண்டிலை உங்களிட்டை இரண்டு. மிச்சம் ஒன்பதைக் கலியாணத்துக்கு ஓடித் திரிஞ்ச சொந்தக்காரருக்குப் பரிசாக் குடுத்தனியள். அவையளுக்கும் 911 போகாது. அது அவையளுக்குத் தெரியுமோ? அவசரம் ஒண்டு வந்தால்தானே தெரியும். எல்லாற்ற வீட்டுக்குப் பக்கத்திலையும் வியட்நாம்காரர் இல்லை. குடுத்தது நீங்கள், சொல்ல வேண்டியதும் நீங்கள்.

பெட்டியிலை ஒரு பழைய போன் வைச்சிருக்கிறன். இஞ்சை வித்தது, எங்கை நிண்டும் எடுக்கலாம். உங்கட சிம்மை அதிலை போட்டிருக்கிறன். எனக்கு எடுக்கச் சொல்லிக் கேக்கேல்லை. மச்சாளுக்காக வைச்சிருங்கோ.

இந்தப் போன் இஞ்சை ஒரு நாள் கைவிடும் எண்டு மண்டபத்திலை எல்லாருக்கும் முன்னாலை நான் சொன்ன விதம் பிழை. தனியக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் ஒலிவாங்கியைக் கையிலை வைச்சுக்கொண்டு, "போனுக்குக் கண்ணாடி ஒட்டுறவள் எனக்கு விளக்கம் சொல்ல வந்திட்டாள்" எண்டனியள். சபை சிரிச்சது. அது என்ர காதிலை இன்னும் கிடக்குது.

கஜந்தினி


புரோசார்ட்
நவம்பர் 19

தங்கச்சி,

கையெழுத்து வைச்ச தாளை அனுப்புறன். பிரெஞ்சிலை இருந்ததை வாட்ஸப்பிலை காட்டிச் சாருஜாவைக் கொண்டு வாசிப்பிச்சன். "அப்பா, அத்தை நல்ல ஒழுங்கா எழுதியிருக்கிறா" எண்டாள்.

சட்டை அளவு. மச்சாள் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பாக்கிறா, என்னைப் பாக்கிறேல்லை. நீ எழுதினதை அவவும் வாசிச்சவ.

ஒன்பது பேருக்கும் சொல்லச் சொல்லுறாய். எப்பிடிச் சொல்லுறது? சபையிலை பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கையிலை குடுத்த பொருள். இப்ப போய் இது ஆபத்து, திருப்பித் தாங்கோ எண்டால் என்னைப் பற்றி என்ன நினைப்பினம்? இவ்வளவுக்கும் எல்லாரும் புதிசு வாங்கியிருப்பினம் எண்டு எனக்கு நானே சொல்லிப் பாத்தன்.

மச்சாள் சொன்னா, "ஒருத்தருக்கு எடுத்துப் பாருங்கோவன்" எண்டு. நீ தந்த போனிலை புஷ்பராணி அக்காவுக்கு எடுத்தன். எழுபத்திரண்டு வயசு, பார்க் எக்ஸ்ரென்சனிலை தனிய இருக்கிறவ. மணி அடிக்கேல்லை. நீ சொன்ன அந்தப் பிரெஞ்சுக் குரல் வந்தது. அடுத்த நாளும் அதுதான். இன்னும் நாலு பேருக்கு எடுத்தன். நாலிலையும் அவளே கதைக்கிறாள்.

நேற்று முழுக்க எனக்குச் சோறு இறங்கேல்லை. போனிலை சொல்ல ஏலாது எண்டால் நேரிலைதான் போக வேணும். போறன்.

அண்ணை


வில்லரே
நவம்பர் 24

அன்புள்ள அண்ணை,

உங்கட போன் எழும்பிட்டுது.

முதல் நாள் முழுக்க உள்ளுக்கு இருக்கிறதைப் பிரதி எடுத்து வைச்சன். இரண்டாம் நாள் கணினியோடை கொழுவிப் பூட்டைத் திறந்தன். இஞ்சை ஓடுற மூண்டு அலைவரிசையை எழுப்பிப்போட்டுத் திருப்பி ஓட விட்டால், திரையிலை சிக்னல் கோடு ஒண்டும் இல்லை. செத்துப்போச்சோ எண்டு நினைச்சன். ஒரு நிமிசம் பொறுத்து ஒரு கோடு வந்தது, பேந்து மூண்டு. என்ர சிம்மைப் போட்டுக் கடைப் போனுக்கு எடுத்தன். மேசையிலை இருந்த போன் அடிச்சது. நானே எடுத்து நானே "ஓம், சொல்லுங்கோ" எண்டன். கடைக்கு வந்து நிண்ட ஒரு அரபுப் பெடியன் என்னை ஒரு மாதிரிப் பாத்தான்.

ஆனால் நிலத்துக்குக் கீழை இறங்கிற அலைவரிசை ஒண்டு இருக்கு, அது இந்தப் போனிலை இல்லை. அதுக்கான துண்டே உள்ளுக்கு வைக்கேல்லை. வீட்டுக்குள்ளை, றோட்டிலை எல்லாம் வேலை செய்யும், நிலவறைக்குள்ளை செய்யாது. உங்களுக்கு அதை மறைச்சு அனுப்ப மாட்டன். மச்சாளை இனி அரிசியை மேலை வைக்கச் சொல்லுங்கோ.

அண்ணை, நீங்கள் என்னை இஞ்சை கூப்பிட்டு எடுத்தபோது எனக்கு இருபத்திநாலு வயசு. நீங்கள்தான் கார்டெரியிலை பிள்ளை பாக்கிற வேலை எடுத்துத் தந்தனியள். நல்ல வேலைதான். பத்து வருசம் செய்தன். அதோடை இரண்டு வருசம் பின்னேரத்திலை பிரெஞ்சிலை இந்தத் தொழிலைப் படிச்சன். வகுப்பிலை பதினாறு ஆம்பிளையள், நான் ஒருத்தி. முடிச்ச சான்றிதழை உங்கட வீட்டுக்குக் கொண்டுவந்தன். நீங்கள் கிறிக்கெற் பாத்துக்கொண்டு "நல்லது, மேசையிலை வை" எண்டனியள். அண்டையிலையிருந்து இண்டைவரை நான் என்ன படிச்சனான் எண்டு நீங்கள் கேக்கேல்லை. மண்டபத்திலை நான் வாய் திறந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். எனக்கு ஒண்டு தெரியும் எண்டதை நீங்கள் ஒருக்கால் பாக்க வேணும் எண்டு இருந்தது.

மச்சாளின்ர போனையும் அனுப்புங்கோ.

கஜந்தினி


புரோசார்ட்
டிசம்பர் 2

அன்புள்ள கஜந்தினி,

போன் வந்தது. மச்சாளுக்கு நீ தந்த பழையதே போதுமாம், அவவின்ரயை அனுப்பேல்லை. சொல்ல நிறைய இருக்கு, ஒழுங்கா எழுதிறன்.

மச்சாளோடை இருக்கச் சாருஜா நாலு நாள் லீவிலை வந்தாள். நான் பெரிய கடைப்பை ஒண்டோடை வெளிக்கிட்டன். முதல் நாள் புஷ்பராணி அக்காவிட்டைப் போனன். கதவைத் திறந்தவ என்னைக் கண்டவுடனை, "ஆர் செத்தது?" எண்டு கேட்டா.

"ஒருத்தரும் இல்லை அக்கா. உங்கட போன் வேலை செய்யேல்லை, அதைச் சொல்ல வந்தனான்."

"போனோ? அது நல்லாத்தானே கிடக்குது. ஒருத்தரும் எடுக்கிறேல்லை, அவ்வளவுதான்."

"நீங்கள் மகனுக்கு எடுக்கிறேல்லையோ?"

அவ என்னை உள்ளை கூட்டிக்கொண்டு போனா. பிறகு மெல்லச் சொன்னா. தகப்பன்ர திவசத்துக்கு மகன் ரொறொன்ரோவிலையிருந்து வரேல்லை எண்டு அவ ஒரு சொல்லுச் சொன்னவவாம். அடுத்த கிழமையிலையிருந்து அவனிட்டையிருந்து அழைப்பில்லை. அவ எடுத்தால் வெட்டுப்படுது. தாயின்ர நம்பரையே அடைச்சுப்போட்டான் எண்டு நினைச்சு ஒண்டரை மாசம் தனிய இருந்திருக்கிறா. கோயிலுக்குப் போறவவாம், எல்லாரோடையும் சிரிச்சுக் கதைக்கிறவவாம், ஒருத்தருக்கும் சொல்லேல்லையாம்.

நீ பாதை எண்டும் பூட்டு எண்டும் எழுதினதை நான் அப்பிடியே சொன்னன். அவவுக்கு விளங்கேல்லை. கடைசியிலை, "அக்கா, பிழை உங்கட மகனிலை இல்லை, நான் தந்த போனிலை" எண்டன். அது விளங்கினது. என்ர கையிலை இருந்த போனை வாங்கி உடனை மகனுக்கு எடுத்தா. நான் குசினிக்குள்ளை போய் நிண்டன். அவனும் அம்மா கோபம் எண்டுதான் இருந்தானாம். நத்தார் லீவோடை கட்டாயம் வாறதெண்டு யோசிச்சிருந்தானாம். குசினி வரைக்கும் கேக்கிற மாதிரிப் பிள்ளையைப் பேசினா. எனக்குக் கண் கலங்கிப்போச்சு. எங்கட கதையும் அதுதானே.

மிச்ச மூண்டு நாளும் றெயிலிலையும் பஸ்ஸிலையும் அலைஞ்சன். ஒன்பது பேரிலை ஒருத்தரான றொசான் தம்பி கர்க்லாண்டிலை பஸ் தரிப்புக்கே வந்து என்னைக் கூட்டிப்போனார். ஒன்பதிலை ஒண்டு யாழ்ப்பாணத்துக்குப் போயிட்டுது, அங்கை சோக்கா வேலை செய்யுதாம். இன்னொருத்தர் புதிசு வாங்கிட்டார். மிச்சம் ஏழையும் சேர்த்திட்டன். எல்லா வீட்டிலையும் ஒரே வசனம்தான் சொன்னன்: "தங்கச்சி அண்டைக்கே சொன்னவள், நான்தான் கேக்கேல்லை." முதல் வீட்டிலை படி இறங்கேக்கைதான் அதைச் சொன்னன். நாலாம் வீட்டிலை தானா வந்தது. ஒருத்தரும் என்னைக் குறைவாப் பாக்கேல்லை. சாப்பிடாமல் விடேல்லை, அதுதான் பிரச்சினை.

ஞாயிற்றுக்கிழமை பையைத் தரவெண்டு உன்ர கடைக்கு வந்தனான். கண்ணாடிக்கு வெளியிலை நிண்டன். நீ பூதக்கண்ணாடியைக் கண்ணிலை கொழுவிக்கொண்டு, குனிஞ்சு, ஊசி மாதிரி ஒண்டாலை எதையோ தொட்டுக்கொண்டிருந்தாய். ஒரு வெள்ளைக்கார மனுசி பக்கத்துக் கதிரையிலை கையைக் கட்டிக்கொண்டு உன்னையே பாத்துக்கொண்டு இருந்தா. ஆஸ்பத்திரியிலை மச்சாளின்ர கையை டொக்டர் பாக்கேக்கை நான் அப்பிடித்தான் இருந்தனான். நீ நிமிர்ந்து என்னவோ சொன்னாய். அந்த மனுசி எழும்பி உன்ர தோளைப் பிடிச்சா.

உள்ளை வர ஏலேல்லை. வந்தால் நான் என்ன சொல்லியிருப்பன் எண்டு தெரியாது. பையை டெப்பனர் கடைக்காரரிட்டைக் குடுத்தன். நான் உன்ர அண்ணை எண்டவுடனை, தீபாவளிப் பணியாரம் நல்லா இருந்ததெண்டு சொல்லச் சொன்னார்.

நீ என்ன படிச்சனி? எழுது.

அண்ணை


வில்லரே
டிசம்பர் 9

அன்புள்ள அண்ணை,

விசரோ உங்களுக்கு? மைனஸ் பன்னிரண்டு பாகைக் குளிரிலை கண்ணாடிக்கு வெளியிலை நிக்கிறதோ?

அந்த மனுசியின்ர போன் தண்ணிக்குள்ளை விழுந்தது. அதிலை இருந்த பேரப்பிள்ளையின்ர படங்களை எடுத்துக் குடுத்தன். அதுக்குத்தான் தோளைப் பிடிச்சவ.

உங்கட ஏழு போனிலை ஆறு எழும்பிட்டுது. ஒண்டு என்ர கையிலை செத்துப்போச்சு, றொசானின்ர. பிழை என்னிலைதான். பற்றரி முழுக்க ஏறியிருக்கோ எண்டு பாக்காமல் தொடங்கினன். ஏழாவதுதானே, கை பழகிட்டுது எண்டு ஒரு எண்ணம். போனுக்குள்ளை மாற்றத்தை எழுதிக்கொண்டு போக நடுவிலை பற்றரி கைவிட்டுது. மூண்டு நாள் பாடுபட்டன், ஏலேல்லை. றொசானுக்கு நானே எடுத்துச் சொன்னன், பிழை என்ர எண்டு. நீங்கள் சொன்ன மாதிரித்தான், முதல் தரம் லேசிலை வராது. அவர் சிரிச்சுப்போட்டு, "அக்கா, நல்ல காலம், மனுசி இப்பவாவது புதிசு வாங்க விடுவா" எண்டார். ஆனாலும் எனக்கு இரண்டு நாள் மனம் சரியில்லை. ஆர் பிழை விட்டாலும் நான் கெதியாச் சொல்லிப்போடுவன். என்ர பிழையைச் சொல்லுறது எவ்வளவு பாரம் எண்டு இப்பதான் தெரியுது.

புஷ்பராணி அக்கா கடைக்கு வந்து போனை வாங்கினவ. "உன்ர கொண்ணன் வாசலிலை நிக்க நான் இழவு எண்டு நினைச்சிட்டன்" எண்டு சிரிக்கிறா. நாலு தெரு தள்ளி இருந்தும் கலியாணத்துக்குப் பிறகு நான் அவவைப் போய்ப் பாக்கேல்லை. உங்களிலை கோபம் எண்டு எல்லாரையும் விட்டிட்டன். இனி வியாழக்கிழமையளிலை அவவிட்டைப் போறதெண்டு இருக்கிறன்.

நான் படிச்சது எலெக்ற்றோனிக் கருவியள் திருத்திற தொழில்நுட்பம். சிக்னல் பகுதியிலை வகுப்பிலையே கூடப் புள்ளி எனக்குத்தான். கேட்டதுக்குச் சந்தோசம்.

ஒரு வேலை இருக்கு உங்களுக்கு. இந்த ஊரிலை வெளிநாட்டுப் போனோடை எத்தினை புஷ்பராணி அக்கா இருக்கினமோ தெரியாது. கடைக் கண்ணாடியிலை ஒரு அறிவித்தல் ஒட்ட வேணும், கோயிலிலையும். எனக்குத் தமிழ் எழுத்து அழகில்லை. உங்கட கையெழுத்திலை எழுதித் தாங்கோ. வயசுபோனவை நிண்டு வாசிக்கிற மாதிரிப் பெரிசா.

வாட்ஸப்பிலையும் திறந்து விட்டிட்டன்.

கஜந்தினி


புரோசார்ட்
டிசம்பர் 15

அன்புள்ள தங்கச்சி,

அறிவித்தல் இதுதான். பெரிய மட்டையிலை எழுதி வைச்சிருக்கிறன்.

"ஊரிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ கொண்டுவந்த போன் வைத்திருக்கிறீர்களா? உங்களுக்கு ஒருவரும் எடுப்பதில்லையா? அவர்கள் உங்களை மறக்கவில்லை. போனை உள்ளே கொண்டுவந்து காட்டுங்கள். பார்த்துச் சொல்வோம்."

"மறக்கவில்லை" எண்டது மச்சாள் போட்ட வசனம். கூடிப்போச்சோ எண்டு கேட்டன். இருக்கட்டும் எண்டா.

நேற்றுப் பின்னேரம் நீ எடுத்தாய். போன் மேசையிலை கிடந்து அடிக்குது, உன்ர பேர் எழுத்திலை வருது. நான் எடுக்காமல் பாத்துக்கொண்டே நிண்டன். மச்சாள் அறைக்குள்ளையிருந்து, "எடுங்கோவன், அது வெட்டுப்படப்போகுது!" எண்டு கத்தினா. பதைச்சு எடுத்தன்.

பிறகு என்ன கதைச்சம்? மச்சாளின்ர கட்டு எப்ப வெட்டுறது, உன்ர பக்கம் பனி கொட்டினதோ, நான் வைச்ச கத்தரிக்காய்க் குழம்பு ஏன் கைச்சது. இருபது நிமிசம். நீ சிரிச்சாய், நானும் சிரிச்சன். சொல்ல நினைச்சது மட்டும் வாயிலை வரேல்லை. ஆனபடியால் எழுதிறன்.

அண்டைக்கு மண்டபத்திலை நீ சொன்னது சரி. நான் சொன்னது பிழை. எல்லாரும் சிரிக்க, நானும் சிரிச்சது அதைவிடப் பிழை. உன்ர சான்றிதழை நான் எடுத்துப் பாக்கேல்லை. என்னை மன்னிச்சுக்கொள்.

இந்தக் கடிதம் கிடைச்சதெண்டு போனிலை சொல்லாதை, எனக்கு வெக்கமா இருக்கும். சனிக்கிழமை மட்டையோடை நானும் மச்சாளும் கடைக்கு வாறம். ஒண்டும் நடக்காத மாதிரித் தேத்தண்ணி போடு.

அண்ணை